மூன்று முறை உறைந்தால்

என் ரத்தத்துக்கு நிற்கத் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படித்தான். மற்றவர்களுக்கு விரலில் கீறினால் ஐந்து பத்து நிமிடத்தில் ரத்தம் இறுகிக் காயத்தின் வாயை மூடிவிடும். என்னுடையது எங்கள் நகராட்சிக் குழாய்க்கு நேர்மாறு; வர ஆரம்பித்தால் நிற்காது. வெளியே கொட்டினால்கூடத் துடைத்துக்கொள்ளலாம். படியில் கால் இடறினால் முழங்காலுக்குள்ளேயே கசிந்து, கால் பலாக்காய் மாதிரி வீங்கி, மூன்று வாரம் கட்டிலில் கிடத்திவிடும். தலையில் அடிபட்டால் வாரக்கணக்கெல்லாம் இல்லை, மணிக்கணக்குதான்.

இதற்கு மருந்து உண்டு. உறைகாரணி என்று ஒரு புரதம். ஊசியில் ஏற்றிக்கொண்டால் போதும். ஆனால் என் உடம்புக்குக் கொழுப்பு அதிகம். வெளியிலிருந்து வருகிற உறைகாரணியை எதிரி என்று முடிவுகட்டி அரை மணி நேரத்தில் அழித்துவிடும். உதவிக்கு வருகிறவனை வாசலிலேயே மிதித்து அனுப்பும் குணம் இந்த உடம்புக்கு எங்கிருந்து வந்தது என்பதில், முப்பது வருடமாக நான் எழுதிவரும் கிண்டல் பத்திகளைப் படிக்கும் என் மனைவி சொர்ணத்துக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

ஆகவே, ஏழு வருடத்துக்கு முன்னால் என்னை ஓர் ஆட்டோடு சேர்த்துவைத்தார்கள்.

உயிர்த்துணைத் திட்டம் என்று பெயர். என் இடுப்பெலும்புக்குள்ளிருந்து கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி, அதிலுள்ள அணுக்களின் பிழையைத் திருத்தி, ஓர் ஆட்டுக்குட்டியின் எலும்புக்குள் குடிவைப்பார்கள். அங்கே என் அணுக்கள் பெருகும்; என் உடம்பு ‘நம்ம ஆள்’ என்று ஒப்புக்கொள்ளும் உறைகாரணியைத் தயாரிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆட்டின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்து, உறைகாரணியைப் பிரித்து எனக்கு ஏற்றுவார்கள். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில் இதற்காக ஒரு மையம். நாற்பத்தியொரு நோயாளிகள், கன்னி என்ற நாட்டினத்தில் நாற்பத்தியொரு ஆடுகள்.

திறப்பு விழாவில் மையத்தின் இயக்குநர் டாக்டர் பரஞ்சோதிநாதன் நாற்பத்தேழு நிமிடம் பேசினார். “ஆடு என்பது வெறும் பாத்திரம்! உள்ளே சுரப்பது மனித அணுக்களின் மாட்சிமை!” என்று அவர் கையை உயர்த்தியபோது, மேடையில் மாலையோடு நின்ற என் குட்டி அந்த மாட்சிமையில் கொஞ்சத்தைச் சிவப்புக் கம்பளத்தின் மேலேயே இறக்கிவைத்தது. அன்றைக்கே எனக்கு அதைப் பிடித்துவிட்டது. என் அணுக்கள் உள்ளே போனவுடன் வேலையைக் காட்டுகின்றன என்று சொர்ணத்திடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏட்டில் அதற்கு க-17 என்று எண். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் மாசானம் ‘துரைச்சி’ என்று கூப்பிடுவார். தொட்டியைக் கழுவாமல் தீவனம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்குமாம். கறுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து மூக்குவரை இரண்டு செம்பட்டைக் கோடு, எதையும் மதிக்காத மஞ்சள் கண்.

ஏழு வருடம் நான் மனிதனாக நடமாடினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். சவரம் செய்துகொண்டேன். நான்கு பத்திகளில் இயக்குநரின் சொற்பொழிவுகளைக் காற்றிறக்கினேன். ஐந்தாவதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது.

“சார், பேச்சியம்மாள் பேசுதேன். துரைச்சி சாம்பிள் ரெண்டாவது தடவையும் உறைஞ்சிட்டு.”

டாக்டர் பேச்சியம்மாள் அந்த மையத்தின் கால்நடை நோயியல் நிபுணர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டின் இடுப்பெலும்பிலும் ஊசியிறக்கி மஜ்ஜை மாதிரி எடுப்பது அவர் வேலை. அந்த மாதிரி திரவமாக இருக்க வேண்டும். கட்டிதட்டிவிட்டால் மையத்தின் செல்லப்பிள்ளையான இறக்குமதி இயந்திரம் அதைத் தொடாது. அதன் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை உறைந்தால் அந்த ஆட்டிலிருந்து மருந்து எடுப்பதை நிறுத்துவார்கள். தொடர்ந்து மூன்றாம் முறையும் உறைந்தால், ‘மாதிரி தரத் தகுதியற்ற விலங்கு’ என்று தீர்மானித்து ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். நோயாளி மறுபடியும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவான். புதுக் குட்டி தயாராக இரண்டு வருடம் ஆகும்.

“மூணாவது எப்போ டாக்டர்?”

“ரெண்டு தடவ உறைஞ்சா மூணு மாசம் காத்திருக்க மாட்டோம். அஞ்சு வாரம் கழிச்சு. நீங்க அதுவரைக்கும் பாத்து நடங்க. படி ஏறாதீங்க. கோவத்துல மேசையத் தட்டாதீங்க.”

“கோபம் வந்தால் எழுதத்தான் செய்வேன்.”

“பேனா முள்ளு குத்தாமப் பாத்துக்கிடுங்க சார்.”

அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் மையத்துக்குப் போனபோது எனக்கு வலது முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. ஒன்றும் செய்யவில்லை, தூக்கத்தில் புரண்டு படுத்தேன், அவ்வளவுதான். மாதிரி எடுக்கும் அறைக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். நோயாளி தன் அணுக்களைச் சுமக்கும் ஆட்டைத் தொடக் கூடாது என்று விதி. ‘உணர்ச்சிப் பிணைப்பு ஏற்படும் அபாயம்’ என்று சுவரில் எழுதியிருந்தது.

துரைச்சியை ஒருக்களித்துப் படுக்கவைத்து மாசானம் பிடித்துக்கொண்டார். இடுப்பில் மயிரைச் சிரைத்திருந்த இடத்தில் பேச்சியம்மாள் மரப்பு ஊசி போட்டார். பிறகு தடித்த ஊசி ஒன்றை எலும்பின் மேல் வைத்து, திருகாணியைத் திருகுவதுபோல் உள்ளங்கையால் அமுக்கித் திருகினார். ‘நறுக்’ என்று அது உள்ளே இறங்கியது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்காது, ஆனாலும் கேட்டது. ஊசிக்குழலின் பிடியை இழுத்தார். கருஞ்சிவப்பாக, ரவை ரவையாகக் கொழுப்பு மிதக்க, ஒரு வாய் மஜ்ஜை வந்தது. குழலின் அடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் உப்பு இருக்கிறது. அதில் கலக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. அவ்வளவு வேகமான கையை நான் பார்த்ததில்லை.

கண்ணாடித் தட்டில் கொட்டினார். நாவல்பழத்தைப் பிதுக்கிப் போட்டமாதிரி ஒரு கட்டி விழுந்தது.

இயந்திரத்துக்கு ‘மஜ்ஜை மாமணி’ என்று இயக்குநர் பெயர் சூட்டியிருந்தார். அது இனிமையான பெண் குரலில், “மாதிரி உறைந்துள்ளது. சேகரித்தவரின் கவனக்குறைவு பதிவு செய்யப்படுகிறது” என்றது. பக்கவாட்டிலிருந்து ஒரு காகிதம் நீண்டது. மெமோ. பேச்சியம்மாள் அதைக் கிழித்து, மடித்து, மேல்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பைக்குள் ஏற்கெனவே நிறைய இருப்பதுபோல் சரசரத்தது.

மாசானம் வெளியே வந்தார். “அண்ணாச்சி, இவளுக்கு ஒரு கொறையும் இல்ல. நேத்துகூட வேலியத் தாண்டி உடமரத்து நெத்து அவ்வளவையும் தின்னுட்டு வந்து நிக்கா. சீக்காளி தாண்டுமா? கேளுங்க நீங்களே.”

“யாரிடம் கேட்பது மாசானம்?”

“அதாம் தெரியல.”

துரைச்சியின் கதையைத் தீர்மானிக்க வியாழக்கிழமை மையத்தின் குழு கூடும் என்றார்கள். பேச்சியம்மாள் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்குக் கீழே ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பதப்படுத்தும் திரவத்தில் ஒரு கறுத்த கட்டி. மேலே பிளாஸ்திரியில் ஆட்டின் எண்ணும் தேதியும்.

“உறைஞ்ச மாதிரியக் கீழ கொட்டணும்னு விதி,” என்றார். “நான் கொட்டல.”

“ஏன்?”

“காலேஜ்ல எங்க புரொபசரு சொல்லுவாரு, மஜ்ஜை உறைஞ்சா தலைல கை வைக்காதீங்க, பாட்டில்ல போடுங்க, மெலிசா சீவிப் பாத்தா அதுலயும் எல்லாம் தெரியும்னு. இந்த மெஷின் வந்த பிறகு யாரும் சீவுறதில்ல. மெஷின் ‘வேண்டாம்’னுச்சுன்னா வேண்டாம்.” ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். “சார், ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எனக்குப் பதினோரு வருஷமா இதே கை. சாதாரண நாயி, மாடு எடுத்தா உறையறதில்ல. இந்த நாப்பத்தியோரு ஆட்டுலயும் உறையறது குறிப்பா சில ஆட்டுலதான். கை மெதுவா இருந்தா எல்லாத்துலயும்லா உறையணும்?”

நான் எழுத்தாளன், எனக்கு எல்லாம் தாமதமாகத்தான் புரியும். அவர் காத்திருந்தார்.

“நாம எதுக்கு இந்த ஆடுகள வளக்கோம்?” என்று கேட்டார்.

“ரத்தத்தை உறையவைக்கும் பொருளுக்காக.”

“அது நல்லா ஊறுற ஆட்டுல ஊசி வச்சா என்ன ஆகும்?”

முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். “உட்காருங்க, உட்காருங்க,” என்று பதறினார்.

“உடம்புக்குள்ள இருக்கும்போது மஜ்ஜை ஓடும். வெளிய வந்து ஊசியில ஏறும்போதே இறுகிரும். உப்பு அடியில இருக்கு. அதுகிட்ட வந்து சேரதுக்குள்ள வேல முடிஞ்சிருது. கெட்ட ஆடுக உறையல சார். நல்ல ஆடுகதான் உறையுது.”

கீழ் வரிசையின் ஓரத்தில் இருந்த பாட்டிலின் எண்ணைப் பார்த்தேன். க-9. அந்த எண்ணை எனக்குத் தெரியும்.

அந்தோணிமுத்து லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மருந்து ஏற்றும் அறையில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. க-9 அவருடைய ஆடு. இரண்டு வருடத்துக்கு முன் அது மூன்று முறை உறைந்தது. பட்டியலுக்குப் போன ஒன்பதாவது மாதம், ஒரு லாரியின் நெற்றியில் தாமரை வரைந்துகொண்டிருந்தபோது ஏணியிலிருந்து சறுக்கினார். ஏணி மூன்று அடிதான்.

“அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

“தெரியாது. மெமோவ நம்பினேன். என் கைதான் மெதுவோன்னு வீட்டுல தண்ணிய வச்சு ஊசி இழுத்துப் பழகினேன்.” பாட்டிலைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். “துரைச்சிக்கு ரெண்டாவது தடவ உறையவும்தான் சந்தேகம் வந்தது. இத்தன வருஷமா எந்தக் கொறையும் இல்லாம உங்களுக்கு மருந்து குடுத்த ஆடு, திடீர்னு எப்படித் தகுதியில்லாமப் போகும்?”

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் மூன்று வாக்கியம் தயாரித்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் இயக்குநரின் ஒரு பட்டத்தைக் கிழிக்கும்.

நீள மேசையின் தலைமாட்டில் பரஞ்சோதிநாதன். இரு பக்கமும் தலையாட்டுவதற்கென்று இரண்டு உறுப்பினர்கள். மாசானத்தைக் கதவருகே நிற்கவைத்திருந்தார்கள்.

“நெறிமுறை என்பது புனிதமானது,” என்று இயக்குநர் தொடங்கினார். “க-17 தொடர்பான என் வருத்தம் ஆழமானது. ஆயினும்...”

“சார், அஞ்சு நிமிசம் குடுங்க,” என்றார் பேச்சியம்மாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய மூன்று சின்னக் கண்ணாடிக் குழாய்களை எடுத்து மேசையில் வைத்தார். “எழுத்தாளர் சார் ரத்தம் கொஞ்சம் வேணும்.”

“அவருக்கு மருந்து நிறுத்தி ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிறது. ஊசி குத்தினால் நிற்காதே!” என்றார் இயக்குநர். அவர் அதைக் கணக்கு வைத்திருந்தது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

நான் சட்டைக் கையை மடித்தேன். பேச்சியம்மாள் குத்தி எடுத்து முடித்ததும் மாசானம் ஓடிவந்து பஞ்சை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். “அசையாதீங்க அண்ணாச்சி. ஒரு மணி நேரமானாலும் விடமாட்டேன். பேசணும்னா வாயால மட்டும் பேசுங்க, கைய ஆட்டாதீங்க.”

பேச்சியம்மாள் மூன்று குழாயிலும் என் ரத்தத்தை ஊற்றினார். “ஒண்ணுல ரத்தம் மட்டும். ரெண்டாவதுல சந்தையில வாங்கின சாதாரண ஆட்டு ரத்தத்துலருந்து பிரிச்ச தெளிநீர் ஒரு சொட்டு. மூணாவதுல துரைச்சியோட தெளிநீர் ஒரு சொட்டு. இப்போ பாத்துக்கிட்டே இருங்க.” மூன்றையும் உள்ளங்கைச் சூட்டில் மூடிக்கொண்டார்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது இயக்குநருக்குப் பழக்கமில்லாத காரியம். அந்த இடைவெளியை வீணாக்காமல் பேச ஆரம்பித்தார். இத்தகைய கைவைத்திய முறைகள் ஆய்வகத்தின் மாண்புக்கு ஏற்றவையா என்பதில் தொடங்கி, மஜ்ஜை மாமணி வந்து இறங்கிய நாளின் வரலாற்று முக்கியத்துவத்துக்குப் போய், “நாளை உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது...” என்ற இடத்துக்கு வந்தபோது, பேச்சியம்மாள் எழுந்து மூன்றாவது குழாயை அவருடைய கோப்புக்கு மேலே நேராகக் கவிழ்த்தார்.

ஒரு உறுப்பினர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. குழாய்க்குள் ரத்தம் ஜெல்லிமிட்டாய் மாதிரி இறுகி நின்றது.

“நாலே கால் நிமிசம்,” என்றார் பேச்சியம்மாள்.

மற்ற இரண்டையும் சாய்த்துக் காட்டினார். இரண்டும் தளதளவென்று ஓடின.

“இவை உறைய இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?” என்று கேட்டார் இயக்குநர்.

“நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கலாம் சார். அப்பவும் உறையாது.”

தலையாட்டும் உறுப்பினர்களில் ஒருவர் செருமினார். என் கையைப் பிடித்திருந்த மாசானத்தின் விரல்கள் குலுங்கின. பேச்சியம்மாள் கேலி செய்யவில்லை. அளவைச் சொன்னார், அவ்வளவுதான். என் மூன்று வாக்கியங்களைவிட அது எவ்வளவோ மேல்.

பிறகு அவர் சுருக்கமாகச் சொன்னார். “உறையவைக்கிற மருந்துக்காக ஆடு வளக்கோம். உறையுதுன்னு சொல்லி அதக் கொல்லுதோம். இதுவரைக்கும் பதினோரு ஆடு.” ஒரு தாளை மேசையில் தள்ளினார். எண்கள், அவற்றுக்கு எதிரே நோயாளிகளின் பெயர்கள். நான்கு பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிலுவையோ குறியோ எதுவும் இல்லை. ஒரு தேதி மட்டும் இருந்தது. ஒன்பதாவது எண்ணுக்கு எதிரே அந்தோணிமுத்து இறந்த தேதி.

“அன்றைக்கு இருந்த அறிவியல் நிலையின் அடிப்படையில்...” என்று தொடங்கிய இயக்குநர் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். அதில்லாமல் அவர் முகம் வேறு யாரோ ஒரு களைத்த மனிதரின் முகமாக இருந்தது.

“பதினொண்ணா?” என்று கேட்டார்.

அவர் வாயிலிருந்து அப்படியொரு சாதாரணச் சொல் வந்து அன்றுதான் கேட்டேன். என் மூன்று வாக்கியங்களும் பைக்குள்ளேயே இருந்துவிட்டன.

துரைச்சி பிழைத்தது. எனக்கு மருந்து மறுபடி தொடங்கியது. முழங்கால் வற்றியது. பத்து நாளில் மையத்திலிருந்து புதிய சுற்றறிக்கை வந்தது: இனிமேல் தொடர்ந்து மூன்று முறை மாதிரி உறையாத ஆடுகள் தகுதியற்றவையாகக் கருதப்படும். மஜ்ஜை மாமணியின் குரலையும் மாற்றிவிட்டார்கள். அது இப்போது உறையாத மாதிரிகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். அன்றைக்குப் பார்த்து பேச்சியம்மாள் வரச் சொன்னார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வருத்தப்படக் கூடாது,” என்று நுண்ணோக்கியைத் திருப்பிவைத்தார். “துரைச்சியோட கட்டிகளச் சீவி, மனுச அணு மட்டும் பழுப்பா மாறுற சாயம் போட்டேன். பாருங்க.”

குனிந்து பார்த்தேன். நீலமாக, ஆயிரக்கணக்கில், அழகாக இருந்தது.

“பழுப்பு எங்கே?”

“அதான் சார். ஒண்ணுகூட இல்ல.”

“என் அணுக்கள்?”

“போயிருச்சு. நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு தடவ நெசமாவே என் கை மெதுவா இருந்து உறைஞ்சது. அது நியாயமான மெமோ. அந்தக் கட்டியிலயும் இல்ல. அதுக்கு முன்னாலேயே போயிருக்கணும்.”

“அப்படியென்றால் நாலு வருடமாக யார்...”

“அவதான்,” என்றார், ஜன்னலுக்கு வெளியே கொட்டகையைக் காட்டி. “உங்க அணுவுல பிழை திருத்துறதுக்கு ஒரு வைரஸ்ல உறைகாரணி செய்யிற செய்திய ஏத்தி அனுப்பினோம்லா? அதுல கொஞ்சம் பக்கத்துல இருந்த ஆட்டு அணுவுக்கும் தாவியிருக்கு. உங்களோடது தாக்குப்பிடிக்காமச் செத்துட்டு. ஆட்டோடது வேலய எடுத்துச் செய்ய ஆரம்பிச்சிட்டு. வருஷத்துக்கு வருஷம் கூடுதலா ஊறி, இப்போ ஊசியிலயே உறையற அளவுக்கு வந்துட்டு. எழுத்து உங்களோடது சார். எழுதுற கை அவளோடது.”

“இயந்திரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘மனித அணு நூற்றுக்கு நூறு’ என்று சொல்லிக்கொண்டிருந்ததே?”

“அது அணுவப் பாக்காது. உறைகாரணி இவ்வளவு இருக்கே, அப்போ மனுச அணுவும் இவ்வளவு இருக்கும்னு அதுவா ஊகிச்சிக்கிடும். ஆடு தானா செய்யும்னு நினைக்கறதுக்கு அதுக்குச் சொல்லிக்கொடுக்கல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏழு வருடமாக, கண்ணாடி வழியாக அந்த ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் திமிருக்குக்கூட நான் உரிமை கொண்டாடினேன். மனித மாட்சிமை என்று மேடையில் முழங்கியவரை நான்கு பத்தி கிழித்தேனே, அந்த நான்கையும் எழுதிய கைக்கு ஓர் ஆடு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. பாத்திரம் என்று நினைத்த ஒன்று, யாரும் கேட்காமல், சமையலையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது.

பிறகு இன்னொன்று உறைத்தது. “டாக்டர், மனித அணு இல்லாத ஆட்டிலிருந்து மருந்து எடுக்க அனுமதி இல்லையே. இது வெளியே தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள், இல்லையா?”

“நான் மறைக்கல. அறிக்கையில நாலாவது பக்கத்துல முழுசா எழுதியிருக்கேன். டைரக்டர் கையெழுத்து அஞ்சாவது பக்கத்துல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படிக்காமல் போட்டுவிட்டாரா? இந்த நாட்டில் உண்மையை ஒளித்துவைக்க நாலாவது பக்கத்தைப் போல ஓர் இடம் கிடையாது.”

பேச்சியம்மாள் கோப்பைத் திறந்து நாலாவது பக்கத்தை என் பக்கம் திருப்பினார். ஓரத்தில், பென்சிலில், சின்ன எழுத்தில், பரஞ்சோதிநாதனின் கையால் எழுதியிருந்தது: ‘மறு ஆய்வு தேவை. அதுவரை நோயாளிக்கு மருந்து நிறுத்தப்படக் கூடாது. பொறுப்பு என்னுடையது.’

மாண்பு இல்லை, மாட்சிமை இல்லை, உலகம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த மூன்று வாக்கியத்தில் எங்கே ஊசி குத்தலாம் என்று தேடிப் பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை. சுற்றறிக்கையைப் பற்றிய பத்தியை இன்னும் எழுதவில்லை. எழுதத்தான் போகிறேன், கொஞ்ச நாள் போகட்டும்.

“மறு ஆய்வுன்னா இன்னொரு மாதிரி எடுக்கணும்,” என்றார் பேச்சியம்மாள். “இன்னைக்கே எடுத்திரலாம்னு பாத்தா, மாசானத்துக்குத் துணைக்கு ஆள் வரல. நீங்க தலையப் பிடிச்சுக்கிடுவீங்களா?”

“நோயாளி தொடக் கூடாதே?”

“தன் அணுவச் சுமக்கிற ஆட்டத் தொடக் கூடாதுன்னுதான் விதி. இப்போ அவளுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லயே சார். தாராளமாத் தொடலாம்.”

முதல்முறையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன். துரைச்சி என்னை முகர்ந்துபார்த்துவிட்டு, சுவாரசியம் இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்து இவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“வலிக்குமா டாக்டர்?”

“தோலு, எலும்பு மேல்பக்கம் மரத்துரும். உள்ள இருந்து உறிஞ்சும்போது வலிக்கும். அதுக்கு மருந்து கெடையாது. ஒரு நொடிதான்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்தான்.”

ஏழு வருடத்துக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

“அண்ணாச்சி, காத நீவிக்கொடுங்க. அவளுக்குப் பிடிக்கும்,” என்றார் மாசானம், பின்னங்கால்களைப் பிடித்தபடி. நீவினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. முப்பது வருடம் வார்த்தையை விற்றுச் சாப்பிட்டவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், “ரொம்ப நன்றிங்க” என்றேன். ஆட்டிடம் யாரும் ‘ங்க’ போட்டுப் பேசுவதில்லை. மாசானம் கேட்டும் கேட்காததுபோல் இருந்தார்.

பேச்சியம்மாள் பிடியை இழுத்தார். துரைச்சியின் உடம்பு முழுக்க ஒருமுறை விறைத்தது. ஒரு முன்னங்கால் என் பிடிக்குத் தப்பி, சுற்றிச் சுழன்று, என் வலது முழங்காலில் சரியாக வந்து இறங்கியது.

“அய்யய்யோ! முட்டுலயா? முட்டுலயே போட்டுட்டாளா?” மாசானம் கத்தினார். “ஐஸ் எடுத்துட்டு வாங்க!” என்று பேச்சியம்மாள் எழுந்தார். தட்டில் கட்டி விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. துரைச்சி எழுந்து, உடம்பை உதறிவிட்டு, கழுவிய தொட்டியைத் தேடிப் போனது.

அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். உட்கார இடம் இருந்தும். சொர்ணத்திடம் சொல்லவில்லை. மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டும்போது அவளே பார்த்துவிட்டாள்.

“என்னது இது, நீலமா இருக்கு?”

“துரைச்சி உதைச்சிட்டு. நேத்து மத்தியானம்.”

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாக இந்த முழங்காலுக்கு ஐஸ் கட்டியவள். இரண்டு கையாலும் பிடித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, வீக்கத்தைத் தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். ஒரு புளியங்கொட்டை அளவுக்கு நீலம். அதைச் சுற்றி வெறும் முழங்கால்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்வளவுதான்.”

அந்த நீலத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஒருமுறை தடவினாள்.

“நல்லாத்தான் உதைச்சிருக்கா,” என்றாள்.